நிறுத்தினால் கிளம்பாது

டிசம்பர் 9, செவ்வாய்

கோவில்பட்டியில் பஸ் ஏறும்போது தூறல். ஆற்றங்கரையில் இறங்கும்போது நல்ல மழை. வேலை ஒருநாள் வேலைதான். நீரேற்று நிலையத்தின் மோட்டார்களில் அதிர்வையும் கரண்டையும் அளந்து, எது நலமாக இருக்கிறது, எது சீக்கில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். கம்பெனியில் இதற்கு யாரை வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். நான் போகிறேன் என்று நானேதான் கேட்டு வாங்கினேன்.

நிலையம் ஆற்றின் நடுவில் நிற்கிறது. அகன்ற வட்டக் கிணறு, அதன் தலையில் ஒரு வட்ட அறை. கரையிலிருந்து அங்கே போக, ஒரே ஒருவர் நடக்கிற அகலத்தில் நீளப் பாலம். அறைக்குள் மூன்று மோட்டார்கள் நெட்டுக்குத்தலாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்து டவுனுக்கு அனுப்புவது இவைதான். பெரியாஸ்பத்திரிக்கும் இந்தத் தண்ணீர்தான்.

ஆபரேட்டர் மாசானமுத்து. ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, அளந்து பேசுகிறவர். எலக்ட்ரீஷியன் செல்வின். நாசரேத்துக்காரர், எனக்கு இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், வாய் ஓயாது.

ஒன்றாம் எண் மோட்டாரின் வயிறு காலி. உள்ளிருக்கும் காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, புதிதாகக் கட்டக் கோயம்புத்தூர் போயிருக்கிறது. இரண்டும் மூன்றும் மாறி மாறி ஓடுகின்றன.

மூலையில் சின்ன ஃப்ரிட்ஜ். என் ஊசி மருந்தை வைக்கலாமா என்று கேட்டேன்.

"வைங்க மேடம். என் ஊசியும் அங்கதான் கெடக்கு. சர்க்கர" என்றார் மாசானமுத்து. "ஒங்களுக்குமா? இந்த வயசுலயா?"

இல்லை, இது வேறு என்றேன். இன்று மாலை ஆறு மணிக்கு முதல் ஊசி. எங்கே இருந்தாலும் தினமும் அதே நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கையோடு கொண்டுவந்தேன். குழந்தைக்கான சிகிச்சை, மூன்றாவது முறை. திங்கட்கிழமை மதுரையில் ஸ்கேன்.

மதியத்துக்குமேல் அணையைத் திறந்துவிட்டார்கள். நான் இரண்டாம் எண்ணை அளந்துகொண்டிருந்தபோது செல்வின் வாசலில் நின்று கத்தினார். போய்ப் பார்த்தேன். பாலத்தின் கரைப்பக்க முனையில் மண்ணோடு சேர்த்து ஒரு துண்டைக் காணவில்லை. அந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது. மின்கம்பி தனிக் கோபுரங்களில் ஆற்றைத் தாண்டி வருவதால் கரண்ட் மட்டும் தப்பித்தது.

"நாளைக்குத் தண்ணி வடிஞ்சிரும்" என்றார் மாசானமுத்து. செல்வின் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பரபரப்பில் ஊசி மறந்துவிட்டது.

டிசம்பர் 10, புதன்

விடியக்காலையில் அடித்த காற்றில் மேற்கு ஜன்னல் பெயர்ந்து விழுந்து, மழை நேராக இரண்டாம் எண் மோட்டாரின் தலையில் கொட்டியிருக்கிறது. அது அப்போது ஓய்வில் நின்றது. காற்றுப்போக்கு ஓட்டைகள் வழியாக உள்ளே காயில்வரைக்கும் ஈரம். கரண்ட் கசியாமல் காயில் தாங்குமா என்று அளக்கிற மெக்கரைச் செல்வின் வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை. இந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் காயில் அங்கேயே வெடித்துப்போகும். தகரத்தால் ஜன்னலை அடைத்தோம்.

ஆக, இனி மூன்றாம் எண் மட்டும்தான்.

காலைக் காப்பியைக் குடித்தபடி அதன் பக்கத்தில் நின்றபோது சத்தம் சரியில்லை என்று பட்டது. உறுமல் ஒரே சீராக இல்லை. ஏறுகிறது, தணிகிறது, மறுபடி ஏறுகிறது. கரண்ட் காட்டுகிற மீட்டரிலும் முள் அதே தாளத்தில் மெல்ல ஆடியது. "அது ரொம்ப நாளா அப்பிடித்தான் மேடம் ஆடுது" என்றார் செல்வின். நான் மின்கம்பியில் கிளாம்பை மாட்டி, கரண்டின் அதிர்வெண்ணைக் கருவித் திரையில் பார்த்தேன். ஐம்பது ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ஒற்றைச் சிகரத்தின் இரு பக்கமும் காது முளைத்ததுபோல் இரண்டு சிகரங்கள். சந்தேகமே இல்லை.

மோட்டாரின் நடுவில் சுழல்கிற உருளையில் செம்புக் கம்பிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். அதில் சில ஒடிந்திருக்கின்றன. ஒன்று ஒடிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும். பிறகு அதுவும் ஒடியும்.

இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "ஓடிட்டே இருக்கிறவரைக்கும் தாக்குப்பிடிக்கும். கிளம்பும்போதுதான் கம்பிங்க மேல பாரம் பல மடங்கு ஏறும். நிறுத்திட்டோம்னா மறுபடி கிளம்பாது."

"அப்ப நிறுத்தாண்டாம்" என்றார் மாசானமுத்து.

"ஓட விட்டாலும் பயந்தான் அண்ணாச்சி. ஒடிஞ்ச துண்டு எழும்பி வெளிக்காயில்ல பட்டுச்சுன்னா, அதோட மொத்தமும் போச்சு."

செல்வின் சிரித்தார். "நல்லாருக்கே. நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது, எறங்கிப் போவவும் முடியாது."

கரையிலிருக்கும் உதவிப் பொறியாளர் கதீஜா மேடத்துக்குப் போன் செய்தேன். டவுன் சாலைகள் மூழ்கிவிட்டதால் தண்ணீர் லாரி எதுவும் உள்ளே போக முடியவில்லையாம். "எப்படியாவது ஓட்டுங்க செண்பகவல்லி. இது உங்க வேலையே இல்லன்னு தெரியும். அளக்க வந்தவங்க நீங்க. ஆனா எனக்கு வேற யாரும் இல்ல" என்றார். அதிகாரத் தோரணை இல்லாத குரல். அதனால் மறுக்க முடியவில்லை.

என் கணவர் வேல்ராஜ் போனில் மூன்று தரம் கூப்பிட்டார். நான்காவது தரம் எடுத்தேன். பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்டார். அடுத்து, "ஊசி?" என்றார். போட்டாயிற்று என்றேன்.

கையெல்லாம் கிரீஸ். சுத்தமில்லாத கையோடு ஊசி போடக்கூடாது.

டிசம்பர் 11, வியாழன்

தண்ணீர் வடியவில்லை. இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. ஒரு வேப்பமரம் வேரோடு மிதந்து வந்து கிணற்றுச் சுவரில் மோதியது. தரை நடுங்கியது. நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தோம்.

அரிசியும் பருப்பும் ஊறுகாயும் இருக்கின்றன. மாசானமுத்து சமைக்கிறார், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார். அடிக்கடி வெளியே எழுந்து போகிறார். பதற்றத்தில் சிலருக்கு இப்படி ஆகும்.

செல்வின் இன்று வெடித்துவிட்டார். "ஒரு மோட்டாருக்காவ நாம சாவணுமா? நிறுத்திப் போட்டுட்டு, படகு வேணும்னு சொன்னா கூட்டிட்டுப் போயிருவாவ. இது ஓடுதவரைக்கும் நம்மள இங்கனயே இருங்கன்னுதான் சொல்லுவாவ."

மாசானமுத்து பருப்பைக் கிண்டியபடி சொன்னார். "எம் பொண்டாட்டி பெரியாஸ்பத்திரியில கெடக்கா. ஒருநா விட்டு ஒருநா ரத்தம் சுத்தம் பண்ணணும். அந்த மிசினு குடிக்குத தண்ணி கொஞ்சமா நஞ்சமா? இது நின்னா அது நிக்கும். நீ போணும்னா போ செல்வின். நான் வரல."

அந்த அம்மாளின் பெயர் சொர்ணமாம். அதை மட்டும் நான் கேட்டேன்.

மூன்றாம் எண்ணை நம்பிக் காத்திருப்பதற்குப் பதில் இரண்டாம் எண்ணை உலர்த்தினால் என்ன என்று யோசனை வந்தது. பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, இருக்கிற ஹாலஜன் விளக்குகளையெல்லாம் காயிலைப் பார்த்து வைத்து, தார்ப்பாயால் சுற்றி மூடினோம். மேலே ஈரம் போக ஒரு திறப்பு. சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும். வேலை என்று ஒன்று கிடைத்ததும் செல்வினின் முகம் தெளிந்துவிட்டது. தார்ப்பாயைக் கட்டும்போது ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுத்தார்.

சாயங்காலம் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நானும் மாசானமுத்துவும் எதிரெதிரே வந்துவிட்டோம்.

"ஊசி போட்டாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சு மேடம். நீங்க?"

"ஆச்சு."

அவர் மோரை எடுத்துக்கொண்டு போனார். நான் சும்மா கதவைச் சாத்தினேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மெக்கரில் நேற்றிரவு கொஞ்சம் எழும்பியிருந்த முள் இன்று காலை மறுபடி கீழே. செல்வின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இவ்ளோ வேலையும் வீணு மேடம்." வீணில்லை என்று விளக்கினேன். சூடு ஏறும்போது உள்ளே ஒளிந்திருக்கிற ஈரம் முதலில் வெளியே வரும். அப்போது அளவு இறங்கத்தான் செய்யும். இறங்கி, கொஞ்சம் நின்று, பிறகு ஏறும். அவர் நம்பவில்லை. சொல்லப்போனால் எனக்கும் முழுசாக நம்பிக்கையில்லை. ஒர்க்‌ஷாப்பில் செய்வது வேறு, நாலு பக்கமும் ஆறு ஓடுகிற இடத்தில் செய்வது வேறு.

மூன்றாம் எண்ணின் ஆட்டம் நேற்றைவிட அகலம். முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அப்போதும் காதில் கேட்கிறது.

இந்த அறையைச் சுற்றி நடந்து பார்த்தேன். எங்கிருந்து கிளம்பினாலும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். எல்லா ஜன்னலிலும் ஆறுதான். ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். வீட்டில் மாடியறையில் கட்டிலில் படுத்து, ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறவரை அத்தை, வேல்ராஜின் அம்மா, வாசலில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற நாட்களைவிட இது மோசமில்லை.

ஏன் இப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. அத்தை நல்லவர்.

இனி ஊசி போட்டாலும் பயனில்லை. நாட்கள் தவறிவிட்டன. வெள்ளத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அறையில் அழுகிய கொய்யாப்பழ வாடை. எங்கேயோ ஒரு பழப்பை கிடந்து கெட்டுப்போயிருக்கிறது என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். எதுவும் அகப்படவில்லை. மாசானமுத்து இரண்டு முறை வாந்தி எடுத்தார். வாயுத் தொல்லை என்கிறார். பகலெல்லாம் உறங்கி உறங்கி விழுகிறார். வால்வு சக்கரத்தைச் செல்வின்தான் திருப்பினார்.

டிசம்பர் 13, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மதியம் சோறு போட்டுவிட்டு மாசானமுத்துவை எழுப்பினேன். எழவில்லை. கண் திறந்தது, ஆனால் என்னைச் சொர்ணம் என்று கூப்பிட்டார். மூச்சு ஆழமாக, ஓடிவந்தவர்போல் இழுத்தது. குனிந்தபோதுதான் தெரிந்தது. கொய்யா வாடை அவர் மூச்சிலிருந்து வருகிறது.

கதீஜா மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரை லைனில் சேர்த்துவிட்டார். சர்க்கரைக்காரரா, தண்ணீர் நிறையக் குடித்தாரா, வாந்தி இருந்ததா, மூச்சில் பழ வாடை வருகிறதா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். "கடைசியா எப்போ இன்சுலின் போட்டார்?"

ஃப்ரிட்ஜைத் திறந்து அவருடைய ஊசிப் பேனாவை எடுத்துப் பார்த்தேன். காலி. மருந்து தீர்ந்து நாட்களாகியிருக்க வேண்டும். ஒருநாள் டூட்டிக்கு வந்தவர் மிச்சமிருந்ததை மட்டும் கொண்டுவந்திருக்கிறார். சாயங்காலம் சாயங்காலம் அந்தக் காலிப் பேனாவைத்தான் எங்களுக்குத் தெரிகிற மாதிரி எடுத்து வைத்திருக்கிறார். சொன்னால் கரைக்குக் கொண்டுபோய்விடுவோம், பம்பைக் கவனிக்க ஆள் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள் என்று பயந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே என் மருந்துப் பெட்டி. சீல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. செல்வின் அதையும் பார்த்தார்.

"உடனே கொண்டுவரணும். சாயங்காலம்வரைக்கும் தாங்காது" என்றார் டாக்டர்.

தீயணைப்புப் படகு கரையிலிருந்து கயிறு பிடித்து வந்தது. மூன்று தரம் ஆறு அதை இழுத்துக்கொண்டு போனது. நான்காவது தரம் கிணற்றுப் படியில் ஒட்டியது. வந்தவர்கள் இரண்டு பேர். நோயாளியும், அவரைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவரும் ஏறலாம், அதற்குமேல் முடியாது என்றார்கள்.

"அந்தம்மா ஏறட்டும்" என்றார் படகுக்காரர்.

செல்வின் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்த படகு அது.

"நீங்க ஏறுங்க செல்வின். என்னால அவரத் தூக்கிப் பிடிக்க முடியாது."

"நீங்க தனியாவா மேடம்?"

"இரண்டாம் எண்ணுக்குச் சூடு போயிட்டிருக்கு. பாதியில விட்டா எல்லாம் வீணு."

உண்மைதான். ஆனாலும் முழு உண்மையா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படகில் ஏறிக் கரைக்குப் போனால் நான் திங்கட்கிழமைக்குள் மதுரையில் இருக்க முடியும்.

செல்வின் ஏறிவிட்டார். மாசானமுத்துவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

படகு கரை தொட்டதைப் பார்த்தபிறகுதான் உட்கார்ந்தேன். மனித உடம்பு இத்தனை அடையாளம் காட்டியும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எனக்குத்தான் பெயர் சீக்கு கண்டுபிடிக்கிறவள் என்று.

டிசம்பர் 14, ஞாயிறு

மெக்கரில் முள் ஏறுகிறது! காலையில் பார்த்ததைவிட மதியம் இன்னும் மேலே. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

பகல் முழுக்கத் தனியாக இருந்தேன். சோறு வடித்தேன். விளக்குகளை இடம் மாற்றி வைத்தேன். வால்வு சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன், முழுப்பலத்தையும் கொடுத்தும் பாதிச் சுற்றுக்கூட வரவில்லை. நாளை மோட்டார் மாற்றும்போது அதை மூடித் திறந்தாக வேண்டும். ஒரு இரும்புக் குழாயை நெம்புகோலாக மாட்டிப் பார்த்தேன். குழாய் வழுக்கி முழங்கையில் அடித்தது. அழுகை வந்தது. முழங்கைக்காகத்தான்.

செல்வின் போனில் சொன்னார்: மாசானமுத்து கண் விழித்துவிட்டார். டாக்டர்கள் ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்கிறார்கள், ஆனால் ஆளை அடையாளம் தெரிகிறது. "கண்ணு முழிச்சதும் என்ன கேட்டாவ தெரியுமா மேடம்? மோட்டார் ஓடுதான்னு. ஓடுதுன்னேன். சொர்ணத்தம்மாவ நாலு பேரு பிடிச்சு மேல் மாடியிலேர்ந்து கூட்டிட்டு வந்தாவ. வந்து ஒரு ஏச்சு ஏசினாவ பாருங்க, வார்டே முழிச்சிருச்சு!"

சொர்ணத்தம்மாளுக்கு இன்று சிகிச்சை நடந்ததா என்று கேட்டேன். நடந்ததாம்.

மூன்றாம் எண்ணில் புதுச் சத்தம் ஒன்று சேர்ந்திருக்கிறது. உறுமல் ஏறுகிற உச்சியில் ஒரு சின்ன உரசல். துண்டு எழும்ப ஆரம்பித்துவிட்டது என்றே நினைக்கிறேன். கதீஜா மேடத்திடம் சொன்னேன். நாளைக் காலையில் இதை நிறுத்திவிட்டு இரண்டாம் எண்ணைக் கிளப்ப வேண்டும், இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்க இப்போதைய லைனில் சக்தியில்லை, ஆகவே முதலில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றேன்.

"இரண்டாம் எண் கிளம்பலன்னா?"

"அப்போ ரெண்டும் இல்ல மேடம்."

"மேல கேட்டேன். எக்காரணத்தக் கொண்டும் ஓடுறத நிறுத்தாதீங்கன்னு சொல்றாங்க. அவங்க யாரும் அந்தச் சத்தத்தக் கேக்கல. நான் சொல்றேன், நிறுத்துங்க. நான் சொல்லித்தான் நிறுத்தினதா இருக்கட்டும்."

வேல்ராஜ் மத்தியானம் கூப்பிட்டார். நாளை காலையில் படகு அனுப்பச் சொல்லி யாரிடமெல்லாமோ பேசியிருக்கிறார். "மதுரைக்குச் சாயங்காலத்துக்குள்ள போயிரலாம் செண்பகம். டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், கொஞ்சம் தாமதமானாலும் பார்ப்பாங்களாம்."

நாளை மோட்டார் மாற்றுகிறோம், வர முடியாது என்றேன்.

"ஒங்க கம்பெனிக்காரன் வேற ஆளே வச்சிருக்கலையா?"

லைன் கரகரத்தது. நான்தான் கட் செய்தேன். சிக்னல் போய்விட்டதாக அவர் நினைத்திருப்பார்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் படகு வந்தது. எனக்காக என்று நினைத்து, வரமாட்டேன் என்று சொல்லத் தயாராக வாசலில் நின்றேன். இறங்கியவர் செல்வின். கையில் இட்லிப் பொட்டலம், இடுப்புவரை ஈரம்.

"ஏன் வந்தீங்க?"

"வால்வ நீங்க ஒத்தையில திருப்ப முடியாதுல்லா. ராத்திரி பூரா அதான் நெனப்பு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சட்னி கொட்டிப்போச்சு" என்றார்.

சாப்பிட்டோம். மெக்கரைக் கடைசியாக வைத்துப் பார்த்தோம். போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது. விளக்குகளை எடுத்து மூடிகளை மாட்டினோம். மேல்நிலைத் தொட்டிகள் நிரம்பிவிட்டன என்று கதீஜா மேடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒரு வேளைக்குத் தாங்குமாம்.

செல்வின் வால்வை மூடினார். நான் மூன்றாம் எண்ணின் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தேன். உடனே அழுத்த முடியவில்லை. செவ்வாயிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே உண்டு, உறங்கி, பொய் சொல்லி இருந்திருக்கிறேன். அழுத்தினேன்.

உறுமல் இறங்கி இறங்கி, ஒரு உரசலோடு நின்றது. அப்போதுதான் ஆறு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. செல்வினின் மூச்சுகூடக் கேட்டது.

"போடுங்க மேடம்."

இரண்டாம் எண்ணின் பச்சைப் பொத்தான். ஒரு அதட்டல், தரையில் ஒரு குலுக்கல், மீட்டர் முள் உச்சிக்கு எகிறி அங்கேயே நின்றது. இறங்கவில்லை. நான் நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். "பொறுங்க, பொறுங்க" என்றார் செல்வின். முள் நடுங்கியது. பிறகு, தூக்கத்திலிருந்து எழுகிறவனைப்போல் மோட்டார் வேகம் பிடிக்க, முள் விழுந்து ஓரிடத்தில் அசையாமல் நின்றது. ஆட்டமே இல்லை.

செல்வின் சக்கரத்தைத் திருப்பத் திருப்பக் குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம். நானும் அவரோடு சேர்ந்து பிடித்தேன். இரண்டு பேருக்குமே அது கனமாகத்தான் இருந்தது.

கிளாம்பை மாட்டிப் பார்த்தேன். ஒற்றைச் சிகரம். பக்கத்தில் எதுவுமில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

தண்ணீர் பாதியாக இறங்கிவிட்டது. வேறு ஆபரேட்டர் படகில் வந்து சேர்ந்தார். கிளம்புவதற்கு முன் செல்வினும் நானும் மூன்றாம் எண்ணின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் செம்புத் துணுக்குகள். ஒரு கம்பி ஒடிந்து, முனை வெளியே வளைந்து, காயிலைத் தொடுகிற இடத்தில் நின்றது. காயிலின் மேல் உறை ஏற்கெனவே கீறியிருந்தது. இன்னும் ஒரு நாள்கூட ஓடியிருக்காது. செல்வின் ஸ்தோத்திரம் சொன்னார்.

போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினேன். மாசானமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் டிரிப்ஸ். சொர்ணத்தம்மாள் பக்கத்து ஸ்டூலில்.

"பொய் சொல்லிட்டேன் தாயி. கோவிச்சுக்கிடாதிய" என்றார்.

"நானும்தான் அண்ணாச்சி சொன்னேன்."

அவருக்குப் புரிந்திருக்காது. சொர்ணத்தம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கையில் ஊசி ஏற்றி ஏற்றித் தடித்த நரம்பு கயிறுபோல் துடித்தது.

வேல்ராஜ் பைக்கோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். வெள்ளத்தில் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், பேன்ட் முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டார். புறவழிச் சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்.

"டாக்டர் பேசினாங்க. இந்த மாசம் போனாப் போவுது, அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்னு சொன்னாங்க. வெள்ளம் வந்தா நாம என்ன செய்ய முடியும்?"

இந்த வாக்கியத்தைத்தான் நானும் எழுதி வைத்திருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டபோது தாங்க முடியவில்லை.

"வெள்ளத்தால இல்லங்க. ஊசி கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. தினமும் ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்தேன். போடல. வெள்ளம் வரலன்னாலும் போட்டிருக்க மாட்டேன். இனியும் போட மாட்டேன்."

டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு லாரி சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது.

"எப்ப முடிவு பண்ண?"

"ரெண்டாவது தடவ கலைஞ்சுச்சே, அப்பவே."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"சொல்லிருந்தா சரின்னு சொல்லிருப்பீங்களா?"

யோசித்தார். சும்மா ஒப்புக்கு இல்லை, உண்மையாகவே யோசித்தார். "சொல்லிருக்க மாட்டேன்" என்றார்.

அவருடைய போன் அடித்தது. அத்தை. எடுக்காமல் விட்டார். மறுபடி அடித்தது. எடுத்தார்.

"ஆமா, பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கா. கூட்டிட்டு வாரேன்." கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். "இல்லம்மா. மதுரைக்குப் போவல... அடுத்த மாசமும் இல்ல... வந்து நான் சொல்லுதேன். அவ வீட்டுக்குள்ள வரும்போது யாரும் எதுவும் கேக்கக்கூடாது. எதுனாலும் எங்கிட்ட கேளு."

போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, டீக்குக் காசு கொடுக்கப் போகிறவர்போல் கடைக்குள் போனார். அங்கே முதுகைத் திருப்பிக்கொண்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சேறு எதுவும் அவர் முகத்தில் இல்லை.

நான் என் டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது. அவர் வெளியே வரும்வரை பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.